மூன்றாவது சென்சார்

காரில் ஏசி ஓடாவிட்டால் தங்கை என் வீட்டுக்கு வரமாட்டாள். விஷயம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி நான் பட்ட பாடு.

அவள் குழந்தை ஏழு வாரம் முந்திப் பிறந்திருந்தது. இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்துவிட்டு, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வெளியே வருவதாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்கு எண்பது கிலோமீட்டர். நல்ல கோடை. நர்ஸ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்: சூடு கூடாது, புகை கூடாது, ஜன்னல் திறக்கக் கூடாது, வெளியாட்கள் தொடக் கூடாது. தங்கை அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, போதாதென்று போனும் பண்ணினாள்.

“அண்ணா, உன் டப்பா வண்டில ஏசி ஓடுதில்ல?”

“ஓடுது.”

“சத்தியமா?”

“குளிருதுன்னு நீயே சொல்லப்போற, பாரு.”

“ஓடலன்னா இப்பவே சொல்லிடு. டாக்ஸி கீக்ஸின்னு ஆரம்பிக்காத. எவன் எவன் ஏறி சிகரெட் பிடிச்சானோ. அதுக்கு அப்பாவே வந்து கூட்டிட்டுப் போகட்டும். தினம் கேட்டுட்டுத்தான் இருக்காரு.”

அவள் கணவன் கப்பலில் வேலை செய்கிறவன். இறங்க இன்னும் ஐந்து மாதம். அம்மா இறந்து இரண்டு வருடம். அப்பா தனியாக ஒரு வீட்டில் இருக்கிறார், நான் தனியாக ஒரு வீட்டில் இருக்கிறேன். தங்கைக்கு இந்த இரண்டில் ஒன்றுதான். கணவனைப் பற்றி அப்பா முன்பு சொன்ன ஒரு வார்த்தையை அவள் மறக்கவில்லை. அதனால் என்னைத் தேர்ந்தெடுத்தாள். என் நல்ல குணத்துக்காக இல்லை.

காரணம் எதுவானால் என்ன. என் வீட்டில் இரண்டாவது அறை என்று ஒன்று இருக்கிறது. அதில் மூன்று வருடமாக அட்டைப்பெட்டிகளைத் தவிர யாரும் இருந்ததில்லை. பெட்டிகளைத் தூக்கிப் போட்டேன். சுவரைத் துடைத்தேன். திரைகளைத் துவைத்தேன். கீழ் வீட்டில் இருக்கும் அக்கா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தையைக் குளிப்பாட்ட தினம் வருவதாக ஒப்புக்கொண்டார். அவரோடு நான் பேசியதே அதுதான் முதல் தடவை. “இத்தன நாளா மேல ஆள் இருக்காங்களான்னே சந்தேகம்ப்பா” என்றார்.

எனக்கு வேலை ஒரு பொருள் கிடங்கில், இரவு பத்து முதல் காலை ஆறு வரை. பெட்டிகள் வரும், ஸ்டிக்கர் ஒட்டுவேன், போகும். இன்ஜினியரிங் படிப்பை மூன்றாம் வருடம் பாதியில் விட்டவன் என்பதால் அங்கே எல்லோரும் என்னை ‘காலேஜ்’ என்று கூப்பிடுவார்கள். முடிக்காத ஒன்றையே ஒருவனுக்குப் பெயராக வைப்பது நல்ல நகைச்சுவைதான். முதல் வருடம் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

புகை கூடாது என்று தாளில் இருந்ததால் சிகரெட்டை நிறுத்தினேன். காரின் சீட்டுகளை சோப்புப் போட்டுத் தேய்த்து மூன்று நாள் வெயிலில் கதவைத் திறந்து வைத்தேன். குழந்தைக்கான இருக்கை ஒன்று வாங்கிப் பின் சீட்டில் கட்டினேன். அந்த பெல்ட்டை எந்த ஓட்டையில் நுழைத்து எதன் பின்னால் இழுக்க வேண்டும் என்று புரிய ஒன்றரை மணி நேரம் ஆனது. அது முடிந்த மறுநாள் ஏசி நின்றது.

காற்று வந்தது, குளிர் வரவில்லை. பட்டனை அழுத்தினால் முன்னால் ரேடியேட்டர் விசிறி மட்டும் விமானம் கிளம்புகிற மாதிரி சத்தம் போட்டது. கேஸை அழுத்திக் குளிரவைக்கிற கம்ப்ரஸர் அசையவே இல்லை.

ஏசிக்கு கேஸ் அடிக்கிற கடைக்குப் போனேன். கடைக்காரர் பானெட்டைத் தூக்கினார், ஒரு பார்வை பார்த்தார், மூடினார்.

“கேஸ் கம்மி தம்பி.”

“மீட்டர் வச்சுப் பாக்கலயே அண்ணே.”

“இருவது வருஷமா பாக்கறேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியும்.”

யார் மூஞ்சியை என்று கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் குளிர் கொட்டியது. மனசும் குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன். மாலையில் மறுபடி வெறுங்காற்று. இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனேன். “எங்கயோ சின்னதா லீக் இருக்கும், இன்னும் கொஞ்சம் ரொப்பிடுவோம்” என்றார். ரொப்பினார். குளிர்ந்தது. மறுநாள் செத்தது.

அதன் பிறகுதான் நானே பானெட்டைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடுகிற ரிலே இருக்கும் பெட்டியின் ஓரத்தில் வளைந்த கம்பித் துண்டு ஒன்று விழுந்து கிடந்தது. புரிந்துவிட்டது. ரிலேயைப் பிடுங்கி, அந்த இடத்தில் கம்பியைச் செருகி, கம்ப்ரஸரை நேரடியாக ஓடவிட்டிருக்கிறார் மனுஷன். குளிர்ந்தது அவருடைய கேஸால் இல்லை, இந்தக் கம்பியால். போகிற வழியில் குலுங்கி விழுந்ததும் குளிரும் போய்விட்டது. பக்கத்திலேயே கிடந்த ரிலேயை அதன் இடத்தில் வைத்தேன். கம்பியை டாஷ்போர்டில் போட்டேன்.

கம்ப்ரஸர் நல்லது, கேஸ் இருக்கிறது, ஆனால் காரின் கம்ப்யூட்டர் கம்ப்ரஸரை ஓட விட மறுக்கிறது. ஏன்?

இதற்கு ஆள் எங்கள் கிடங்கிலேயே இருந்தான். ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக். எதற்கெடுத்தாலும் சட்டென்று ஏறுவான், சட்டென்று இறங்குவான். அதனால் அவனுக்கு வோல்டேஜ் என்று பெயர். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, ஷிப்ட் முடிந்து, ஒரு பை நிறைய சாமானோடு பார்க்கிங்குக்கு வந்தான்.

“காலேஜ், வண்டி ராத்திரி பூரா நின்னுச்சா?”

“நின்னுச்சு.”

“நடுவுல போய் பாட்டு கீட்டு கேக்கலயே?”

“எனக்கு யார்ரா பாட்டு போடறது. இல்ல.”

“அப்ப சரி. இது தூங்கி எழுந்தவனுக்கு பிபி பாக்கற மாதிரி. நடமாட விட்டா கணக்கு தப்பும்.”

நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு வட்ட மீட்டர்கள் வைத்திருந்தான். இரண்டையும் ஏசிக் குழாய்களில் மாட்டினான். முள்கள் இரண்டும் தொண்ணூறில் போய் நின்றன.

“பாத்தியா? வண்டி ஆறி இருக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரே பிரஷர்தான். இது வெளில இருக்கற சூட்டுக்கு உண்டான நம்பர். உள்ள கேஸ் கொஞ்சமா இருந்தாலும் இதான் காட்டும், ரொம்ப இருந்தாலும் இதான் காட்டும். அத வச்சு அளவு சொல்ல முடியாது. கேஸ் இருக்கு, அவ்வளவுதான் இதுக்கு அர்த்தம்.”

நான் தலையாட்டினேன். காதில் விழுவது வேறு, மண்டையில் ஏறுவது வேறு.

அடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகினான். திரையில் எழுத்துகள் ஓடின. ஓரிடத்தில் நிறுத்தி, என் தலையைப் பிடித்து அங்கே திருப்பினான். ஏசி பிரஷர்: நானூற்று முப்பது.

“மீட்டர் தொண்ணூறுங்குது. உன் வண்டி நானூத்தி முப்பதுங்குது. யார் பொய் சொல்றா?”

“வண்டி.”

“வண்டி பாவம்டா. அதுகிட்ட யாரோ பொய் சொல்றான். அவனைப் பிடிப்போம்.”

முன் கிரில்லுக்குப் பின்னால், மெல்லிய அலுமினியக் குழாயின் மேல் கட்டைவிரல் அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதுதான் பிரஷர் சென்சார். மூன்று ஒயர்கள். ஒன்றில் கம்ப்யூட்டர் அனுப்பும் ஐந்து வோல்ட் சரியாக வந்தது. ஒன்று எர்த், அதுவும் சரி. மூன்றாவது ஒயரில்தான் சென்சார் தன் பதிலைச் சொல்லும். அதில் நான்கு புள்ளி ஆறு வோல்ட். ஏசியைப் போட்டாலும் அணைத்தாலும் அதே நான்கு புள்ளி ஆறு. பிளக்கைப் பிடுங்கினான். திரையில் எண் பூஜ்யத்துக்கு விழுந்தது.

“ஒயர் மேல பழியில்ல. சென்சார்தான் செத்துட்டான். பிரஷர் எகிறிக்கிட்டு நிக்குதுன்னு இருபத்தி நாலு மணி நேரமும் கத்திட்டிருக்கான். வண்டி பயந்துபோய் விசிறிய முழுசா சுத்த விட்டுட்டு, கம்ப்ரஸர தொட மாட்டேங்குது.”

வீட்டுக்குள் திருடன் இருக்கிறான் என்று எவனோ போன் பண்ணியதால் வாசலிலேயே நின்றுவிட்ட ஆள் மாதிரி. எனக்கு அந்தக் காரின் மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

பாகங்கள் விற்கும் கடையில் எண்ணைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள். வியாழன் வேண்டும் என்றேன். “வெள்ளிக்கு அப்புறம்தான் சார் அடுத்த வியாழன்” என்றான் கவுன்ட்டரில் இருந்தவன். சிரிக்கவும் இல்லை.

அதனால் புதன்கிழமை, ஷிப்ட் முடிந்ததும் வண்டியைக் கிடங்கிலேயே விட்டுவிட்டுக் காயலான் கடைக்குப் போனேன். காலை ஆறே முக்காலுக்கே கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி.

“நம்பர் சொல்லு.”

சொன்னேன். நோட்டைப் பார்க்கவில்லை, கையை மட்டும் நீட்டினார். “மூணாவது வரிசை, வெள்ளை வண்டி. நீயே கழட்டிக்க.”

“வேலை செய்யுங்களாம்மா?”

“ஓடிட்டிருந்த வண்டிப்பா அது. பின்னாடி லாரி இடிச்சிச்சு. முன்னாடி ஒரு கீறல் இல்ல. பின்னாடி இடிச்சது சென்சாருக்கு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. கழற்றிக்கொண்டு வந்தேன். வோல்டேஜ் கிடங்கு வாசலில் காத்திருந்தான். அவனுக்கு இரண்டு நாள் லீவு, மாமியார் ஊருக்குக் கிளம்புகிற அவசரம். மச்சான் வேனில் ஏதோ தகராறாம், பையையும் எடுத்துக்கொண்டு போகிறான். அதற்குள் என் வேலையை முடித்துவிட வேண்டும்.

“கழட்டினா கேஸ் பூரா போயிடாதாடா?”

“உள்ள ஒரு பின் இருக்கு. சைக்கிள் ட்யூப் வால்வு மாதிரி. சென்சார் வெளில வந்ததும் அது மூடிக்கும். எல்லா வண்டிலயும் இருக்காது, இதுல இருக்கு. மூஞ்சிய மட்டும் தள்ளி வச்சுக்க.”

ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். ஒரு சின்ன சீறல், அவ்வளவுதான். ரப்பர் வளையத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, காயலான் கடைச் சென்சாரைக் கையால் சுற்றி, பிறகு அளவாக இறுக்கினேன். பிளக்கை மாட்டினேன். ஸ்கேனரில் தொண்ணூற்று இரண்டு. மீட்டரில் தொண்ணூறு.

“ரெண்டு பேரும் ஒரே கதைய சொல்றாங்க. விடு” என்றான் வோல்டேஜ். எஞ்சினைப் போட்டேன். கம்ப்ரஸர் ‘டக்’கென்று பிடித்தது. என்னைவிட அவன்தான் அதிகமாகக் கத்தினான். மீட்டர்களைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.

நான் போய்த் தூங்கியிருக்கலாம். தூக்கம் வரவில்லை. நாளைக்குப் போகிற வழியை இன்றைக்கே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மதியம் கிளம்பினேன். அந்த வழியில் ஒரு பாலத்தில் வேலை நடக்கிறது. ஒரு பக்கம் விட்டு மறு பக்கம் நிறுத்துவார்கள். சாதாரணமாகவே இருபது நிமிடம் நிற்கும். அறைக்கு வாங்கிய வெப்பமானியைக் குழந்தை இருக்கையில் தொங்கவிட்டிருந்தேன். பாலம் வரைக்கும் இருபத்து நான்கு டிகிரி. கண்ணாடியில் அந்தக் காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கினேன், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி.

பாலத்தில் நின்றேன். நான்கு நிமிடம். கம்ப்ரஸர் பிடியை விட்டுவிட்டது. காற்று வெறுங்காற்றானது, பிறகு சூடானது. பதினோரு நிமிடத்தில் முப்பத்து மூன்று. வரிசை நகர்ந்து வேகம் எடுத்ததும் மறுபடி குளிர். திரும்பி வந்து மறுபடி நின்றேன். நான்கு நிமிடம், விட்டது. மூன்றாவது தடவையும் அப்படித்தான்.

வோல்டேஜுக்குப் போன் செய்தேன். பஸ் இரைச்சலில் கத்தினான்.

“பழைய சாமான் மாப்ள! ஆறி இருக்கறப்ப ஒழுங்கா பேசும், சூடானா உளறும். வெள்ளிக்கிழமை புதுசு போட்டுடு.”

“நாளைக்குத்தான் வேணும்.”

“அப்ப கம்பியப் போடு. ஒரு நாள்தான. கட்டி, டேப் ஒட்டிட்டுப் போ.”

பாலத்தின் ஓரத்தில் நிறுத்தி, ரிலேயைப் பிடுங்கிவிட்டு, டாஷ்போர்டிலிருந்து கம்பியை எடுத்துச் செருகினேன். நின்றபடியே குளிர்ந்தது. ஐந்து நிமிடம், ஏழு நிமிடம். எட்டாவது நிமிடம் பானெட்டுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. போய்க் குனிந்து பார்த்தேன். ரப்பர்க் குழாயைத் தொட்டால் தடியைத் தொடுகிற மாதிரி விறைத்திருந்தது. கை சுட்டது. இது வெடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். மூன்று கிலோகூட இல்லாத ஓர் ஆள் பின் சீட்டில் இருக்கும்போது வெடித்தால் எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன். கம்பியைப் பிடுங்கி, ரிலேயைத் திரும்ப வைத்துவிட்டு, கம்பியை ஆற்றில் எறிந்தேன்.

தங்கையைக் கூப்பிட்டேன்.

“ஏசி தகராறு பண்ணுது.”

“ஓடுமா, ஓடாதா?”

“வண்டி ஓடற வரைக்கும் ஓடும். வண்டி நின்னா அதுவும் நிக்கும்.”

“பாலத்துல நிக்குமே.”

“நிக்கும்.”

அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு கருவி ‘பீப், பீப்’ என்றது.

“என்னவாம்?”

“சென்சார்.”

“அப்பாவைக் கூப்பிடறேண்ணா.”

“கூப்பிடு.”

“கோவமா?”

“இதுல என்ன கோவம்.”

“அந்த ரூம எல்லாம் தொடச்சு வச்சியே.”

“ரூம் எங்கயும் ஓடிடாது.”

அன்று இரவு ஸ்டிக்கர்களைத் தலைகீழாக ஒட்டினேன். இரண்டு வண்டி லோடு. யாரும் திட்டவில்லை. ‘காலேஜுக்குத் தூக்கம்’ என்றார்கள்.

வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். பைகளை ஏற்ற ஒரு ஆள் வேண்டும், குழந்தை இருக்கை என் காரில் இருக்கிறது. அப்பா தன் காரை வாசல் நிழலில், கோடு போட்ட கட்டத்துக்குள் நேராக நிறுத்தியிருந்தார். அம்மா இறந்த அன்று கடைசியாகப் பார்த்த மனிதர். கழுத்து மெலிந்திருந்தது. வாட்ச் பட்டையில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தார்.

இருக்கையைக் கழற்றி அவர் காரில் மாற்றினேன். ஒரு கதவில் நான், மறு கதவில் அவர். பெல்ட் எங்கே நுழைய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

“என்ன கோளாறு?”

“சென்சார்.”

“மாத்தலையா?”

“மாத்தினேன். மாத்தினதும் கோளாறு.”

“ரெண்டுமா?”

“ஆமா.”

பெல்ட்டை இழுத்துப் பிடித்தபடியே சொன்னார்: “உனக்கு எப்பவும் பழி போட ஒண்ணு கிடைச்சிடும். மொதல்ல வாத்தியார். அப்புறம் கேள்வித்தாள். இப்ப சென்சார்.”

“அப்பா” என்றாள் பின்னால் நின்ற தங்கை.

“சரி சரி. அந்தப் பக்கம் இழு.”

குழந்தையைத் துணிக்குள் பார்த்தேன். கோபமான முகம். யாரையும் சேர்ந்தது மாதிரி இல்லை. தொடவில்லை, நான் கிடங்கு உடையில் இருந்தேன்.

அப்பா வீடு பாலத்தைத் தாண்டிப் பத்து கிலோமீட்டர். முன்னால் அவர் கார், பின்னால் பைகளோடு நான். பாலத்தில் நின்றோம். இருபத்தைந்து நிமிடம். எனக்கு நான்கு ஜன்னலும் திறந்திருந்தன, சிமென்ட் தூசி உள்ளே வந்து உட்கார்ந்தது. முன் காரில் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. தங்கையின் பின்னந்தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்பா ஒரு தடவை திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார். சிரித்தாரா என்று கண்ணாடி வெளிச்சத்தில் தெரியவில்லை.

வீட்டு வாசலில் பைகளை இறக்கினேன். அப்பா கேட்டைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ.”

“ஷிப்ட் இருக்கு.”

மணி மதியம் ஒன்றுதான். ஷிப்ட் பத்துக்கு. மூன்று பேருக்கும் தெரியும். கேட் மூடுகிற சத்தம் நான் எஞ்சினைப் போட்ட பிறகுதான் கேட்டது.

வெள்ளிக்கிழமை புதுச் சென்சார் வந்தது. பெட்டி, சீல், உள்ளே பிளாஸ்டிக் மூடி. கடைத் தெருவிலேயே நிறுத்தி, தனியாகவே மாற்றினேன். சீறல், சொட்டு எண்ணெய், அளவான இறுக்கம். கை பழகிவிட்டிருந்தது. இனிமேல் யாருக்கு என்று ஒரு கேள்வி வந்தது. அதை விட்டுவிட்டுப் பாலத்துக்குப் போனேன்.

நின்றேன். நான்கு நிமிடம். விட்டது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒன்று இடிபட்ட வண்டியிலிருந்து வந்தது, இன்னொன்று சீல் உடைத்த பெட்டியிலிருந்து வந்தது. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர் வந்து, அதே நான்காவது நிமிடத்தில் ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னால் அது பொய் இல்லை.

ஓடும்போது முன்னால் அடிக்கிற காற்று குழாயை ஆற்றுகிறது, நின்றால் பிரஷர் நிஜமாகவே எகிறுகிறது. அதனால்தான் விடுகிறது. அதனால்தான் கம்பியைப் போட்ட அன்று குழாய் தடி மாதிரி விறைத்தது. அதை என் கையாலேயே தொட்டுப் பார்த்துவிட்டு, கை சுட்டது என்பதைத் தவிர வேறெதையும் நான் தெரிந்துகொள்ளவில்லை. கொஞ்சமா இருந்தாலும் தொண்ணூறு, ரொம்ப இருந்தாலும் தொண்ணூறு என்று வோல்டேஜ் செவ்வாய்க்கிழமையே சொன்னான். முதல் சென்சார் பொய் சொன்னது. அதனால் அடுத்து வந்தவனையும் நான் நம்பவில்லை. அவன் பாட்டுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே மெஷின் வைத்திருக்கும் பட்டறைக்குப் போனேன். கேஸை உறிஞ்சி எடுத்து எடை போட்டு, திரும்ப அளந்து விடுகிற மெஷின். அங்கிருந்த பெண் மெக்கானிக் பானெட்டைத் தூக்கியதும் உள்பக்கம் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை விரலால் துடைத்தார். ‘450 கிராம்’ என்று அச்சடித்திருந்தது. பத்து நாளாக அதற்குக் கீழேதான் குனிந்து நின்றிருக்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் பிழைப்பும்.

மெஷின் உறிஞ்சி முடித்தது. எண் வந்தது. அறுநூற்று அறுபது.

“அடப்பாவமே. இருநூத்திப் பத்து கிராம் கூட. யாரு சார் இப்படி ரொப்பினது?”

கேஸ் கடைக்காரர்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. கம்பியைக் கண்டுபிடித்த பிறகும், அவர் அடித்த கேஸ் உள்ளேயேதான் இருக்கிறது என்று யோசிக்காதது அவர் இல்லை.

“நான்தான்” என்றேன்.

“எடை பாக்காம ஏன் அடிச்சீங்க?”

“அவசரம்.”

அளந்து நானூற்று ஐம்பது விட்டார். அரை மணி நேர வேலை. புதன்கிழமை மதியம் இந்த அரை மணி நேரம் என்னிடம் இருந்தது.

பாலத்துக்குப் போய் ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. பத்து நிமிடம், இருபது, நாற்பது. குழந்தை இருக்கை அப்பா காரிலேயே போய்விட்டதால் வெப்பமானியை சீட்டுத் தலையணையில் மாட்டியிருந்தேன். இருபத்திரண்டு டிகிரி. தங்கையைக் கூப்பிட்டேன். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“இப்பத்தான் தூங்குது. அப்பா தோள்ல. மூணு மணி நேரமா அவரு அசையவே இல்ல, பாத்ரூம்கூட போகல.”

“ஏசி சரியாயிடுச்சு.”

“புது சென்சாரா?”

“இல்ல. மாத்தின சென்சார் சரியாத்தான் இருந்துச்சு. காயலான் கடைல எடுத்ததும் சரி, புதுசும் சரி. நான்தான் ரெண்டு தடவ கேஸ் அடிச்சு அதிகமாக்கிட்டேன். அளவே பாக்கல.”

“ஓ” என்றாள். புதன்கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. “அப்ப அன்னிக்கே...”

“ம். அன்னிக்கே.”



“அப்பாகிட்ட சொல்லட்டுமா?”

முன்னால் ஒரு ஆள் பச்சைக் கொடியைத் தூக்கினான். வண்டிகள் நகர்ந்தன. நான் ஓரத்தில்தான் இருந்தேன், எனக்கு அவசரமில்லை.

“சொல்லு.”

அவள் போனை விலக்கிச் சொல்வது கேட்டது. முழுதாகச் சொன்னாள், எதையும் விடவில்லை. பிறகு தூரத்தில், குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று அடக்கிய குரல்: “எத்தன கிராம் கூட?”

“எத்தன கிராம்னு கேக்கறாரு.”

“இருநூத்திப் பத்து.”

அவள் சொன்னாள். “ம்” என்றார் அவர். நீளமான ‘ம்’. குழந்தை சிணுங்கத் தொடங்கியது. “அப்புறம் பேசறேண்ணா” என்று தங்கை வைத்துவிட்டாள்.

சட்டைப் பையில் ஒரு சிகரெட் பாக்கெட் இருந்தது. வியாழக்கிழமை மதியம், அந்த வீட்டிலிருந்து திரும்பும் வழியில் வாங்கியது, இன்னும் பிரிக்கவில்லை. ஒன்றை உருவினேன். கதவைத் திறந்து இறங்கி, குளிர் போகாமல் சட்டென்று மூடினேன். புகை உள்ளே போகாத தூரம் வரைக்கும் பாலத்தின் மேல் நடந்து, அங்கே நின்று பற்றவைத்தேன். கார் ஓடிக்கொண்டே இருந்தது. கம்ப்ரஸர் விடவில்லை.